பூமிக்கு வெளியே ஆள் இல்லை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்: இது கதையாகப் பிறந்ததில்லை. ஈப்போவில் ஒரு சின்னப் பத்திரிகை நடத்துகிறவர்கள் என்னிடம் ஆயிரத்து ஐந்நூறு சொல்லில் ஓர் அறிவியல் கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள்: 'ஒரு கோளை உயிருள்ள ஒரு செல்லுக்கு ஒப்பிடலாமா?' முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் ரத்தச் செல்களைப் பார்த்துப் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவள் நான். இதெல்லாம் எனக்கு ஊதித் தள்ளுகிற வேலை என்று ஒரு மிதப்பு. குளிர் ஊரில் உட்கார்ந்தால் நாலு நாளில் முடித்துவிடலாம் என்று பிரிஞ்சாங்குக்கு ஏறி வந்து, ஜலால் சாப்பாட்டுக் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்தேன். அது இரண்டு மாதத்துக்கு முந்தி. கட்டுரை இன்னும் முடியவில்லை. நடுவில் தவமலர் வந்துவிட்டாள்.

தவமலருக்கு நாற்பத்தேழு வயது. தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இருக்கிறாள், தோட்டத்து ஃபேக்டரியில் தூள் சலிக்கிறாள். போன வருஷம் தீபாவளி முடிந்த ஒன்பதாம் நாள் அவள் புருஷன் சிங்காரம் செத்துப்போனான். ஒரே மகன் ஷர்வின், பினாங்கில் உயிரியல் படிக்கிறான். அப்பா செத்ததற்குத் தான்தான் காரணம் என்று அந்தப் பையன் நினைத்துக்கொண்டிருக்கிறான். அது அப்படியில்லை என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான், அவன் அம்மா. சொன்னால் மகனும் போய்விடுவானோ என்று பயந்து அவள் பத்து மாதமாக வாயைத் திறக்கவில்லை.

இந்தா, சொல்லிவிட்டேன். மர்மத்தைக் கடைசிவரை மடியில் கட்டிக்கொண்டு போகிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. மிச்சத்தையும் சொல்கிறேன், கொஞ்சம் முறையாக.

2

தொடக்கம் மட்டும் மூன்று எழுதினேன். அடித்ததையும் அப்படியே வைக்கிறேன், நீங்களும் பாருங்கள்.

முதலாவது: "மலையைப் போர்த்தியிருந்தது மூடுபனி, ஒரு தாயின் சேலைத் தலைப்பைப் போல, மென்மையாக..." சீ, போ. இந்த ஊரில் மூடுபனி என்றால் துணி காயாது, மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகாது. அவ்வளவுதான்.

இரண்டாவது: "மேலிருந்து பார்த்தால் இந்தப் பள்ளத்தாக்குகள் நுண்ணோக்கியில் வைத்த இலைத் துண்டு. வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் கொட்டகைகள், ஒன்றையொன்று ஒட்டி, ஒவ்வொன்றும் ஒரு செல். உள்ளே சூடு, ஈரம், பசுமை. வெளியே..." இது மோசமில்லை. கோலா தெர்லா பக்கம் பஸ்ஸில் போனபோது எனக்கு நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது. ஆனால் பிளாஸ்டிக் கொட்டகையைச் செல்லுக்கு ஒப்பிட்டு நான் ஒரு தடவை வாயைவிட்டதே போதும். இன்னொரு தடவை வேண்டாம்.

மூன்றாவது: "தவமலர் குனிந்து கயிற்றைக் கட்டினாள்." இதுதான் சரியான தொடக்கம். ஆனால் இதை எழுதிவிட்டு இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. பக்கத்திலிருந்த புருஷனைக் குளிரிலிருந்து காப்பாற்றத்தான் அவள் குனிந்தாள் என்று அடுத்த வரியில் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அவளுக்காக வக்காலத்து வாங்குகிற மாதிரி ஆகிவிடும். சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும்.

3

சிங்காரம் தோட்டத்தில் லோரி ஓட்டியவன். நெஞ்சில் இழுப்பு வந்ததும் நின்றுகொண்டான். லைனுக்குக் கீழே ஓடைக்கரையில் ஒரு துண்டு நிலத்தில் தக்காளி, குடைமிளகாய் நாற்றுப் போட்டு, கோலா தெர்லா விவசாயிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். தக்காளி பரவாயில்லை. குடைமிளகாய் விதைதான் செல்லப்பிள்ளை, குளிரில் கண்ணையே திறக்காது. மழை மாதத்தில் இந்த மலையில் பகலிலேயே பல் கிட்டும்.

அதற்காகச் சிங்காரம் ஒரு கூடு கட்டியிருந்தான். சமையல்கட்டு அளவு, ஆள் குனிந்து நுழைகிற உயரம், இரட்டைப் பிளாஸ்டிக். உள்ளே பலகைகளில் விதைத் தட்டுகள். மூலையில் பிஸ்கட் தகரத்தில் கரி நெருப்பு. புகை போவதற்காக ஓடைப் பக்கத்துப் பிளாஸ்டிக்கை மட்டும் அடியில் ஒரு சாண் தூக்கியே வைத்திருப்பான். அந்த ஒரு சாணை யாரும் தொடக்கூடாது. தவமலருக்கும் அது தெரியும். கல்யாணமாகி வந்த பிறகு அவளே எத்தனையோ தடவை, இதே மாதிரி கூடு வைத்திருந்த வேறு வீட்டு ஆட்களைக் கூப்பிட்டு, "யேய், அடில தெறந்து வைங்க லா" என்று சத்தம் போட்டவள்தான்.

தீபாவளிக்கு வந்த ஷர்வின் அப்பாவுக்கு ஒரு வெப்பமானி வாங்கி வந்திருந்தான். கூட்டுக்குள் அப்பனும் மகனும் மூன்று நாள் குந்திக்கொண்டு, அந்தக் கண்ணாடிக் குழாயைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்கள். இருபத்தைந்து டிகிரிக்குக் கீழே விடாதே என்று சொல்லிவிட்டு மகன் பஸ் ஏறினான்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் மூன்றரை இருக்கும். காற்று ஒரேயடியாக அடித்தது. தவமலர் ஓடைக்கரைக்கு இறங்கினாள். உள்ளே சிங்காரம் இருமிக்கொண்டிருந்தான்.

"அங்க என்னா பண்றீங்க, இருமிக்கிட்டு? மேல வாங்க."

"டிகிரி ஏற மாட்டேங்குதுடி. ஒம் மவன் இருவத்தஞ்சுன்னு சொல்லிட்டுப் போயிட்டான், இது இருவத்தொண்ணுலயே நிக்குது. இன்னுங் கொஞ்சம் கரி போட்டுருக்கேன்."

"குளிருதா?"

"கால்ல அடிக்குது காத்து."

அவள் குனிந்தாள். தூக்கியிருந்த பிளாஸ்டிக்கை இறக்கிவிட்டு, அடியில் கம்பியோடு சேர்த்து நைலான் கயிற்றால் இரண்டு முடிச்சுப் போட்டாள். அரை மணி நேரத்தில் வந்து அவிழ்த்துவிடலாம், அதற்குள் மனுஷனுக்குக் கொஞ்சம் கதகதப்பு ஏறட்டும் என்று நினைத்தாள். "நான் வந்து அவுத்து வுடறேன்" என்று சத்தமாகச் சொன்னாள். உள்ளேயிருந்து "ம்ம்" என்று கேட்டது. வீட்டுக்கு ஏறினாள், இஞ்சி தட்டினாள், அரிசி களைந்தாள். மழை பிடித்துக்கொண்டது. இந்த மழையில் சரிவில் இறங்கினால் வழுக்கி விழ வேண்டியதுதான், விடட்டும் என்று வாசலில் நின்றாள். மழை விட ஐந்தேகால் ஆயிற்று.

* குறிப்பு: இந்தப் பேச்சை முதலில் நானாகத்தான் எழுதினேன். சிங்காரத்தை நான் பார்த்ததே இல்லை. படித்துக் காட்டியபோது தவமலர் இடையில் நிறுத்தி, "அவரு 'டி' போட மாட்டாருக்கா. தவம்னுதான் கூப்புடுவாரு" என்றாள். திருத்தலாம் என்று பேனாவை எடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். எனக்குத் தெரியாத ஒரு மனுஷனை நான் உருவாக்கிக்கொண்டிருக்கிறேன் என்பது உங்களுக்கும் தெரியட்டும். 'டி' என்று வரும் இடத்தில் தயவுசெய்து 'தவம்' என்று படித்துக்கொள்ளுங்கள்.

4

இப்போது என் வாய் செய்த வேலை.

தவமலர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜலால் கடைக்குப் புதினா கொண்டுவருவாள். அன்றைக்கு நான் ஒரு மேசையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு, முதல் பத்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

ஜலால் சும்மா இருக்கிற ஆள் இல்லை. "சாரதாக்கா, செல்லு செல்லுன்னு ஒரு வாரமா மண்டைய ஒடைச்சிக்கிறீங்களே. இந்தா, தவமலரக்கா மவனும் அதத்தான் படிக்கிறான்."

தவமலர் புதினாக் கட்டை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஒங்களுக்குத் தெரியுமாக்கா? பூமியே ஒரு செல்லு மாதிரின்னு எம் மவன் சொன்னான், தீவாளிக்கு வந்தப்ப. அவனும் அவங்கப்பாவும் அதப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தாங்க. நான் முறுக்கு சுட்டுக்கிட்டு இருந்தேன், கேக்கல. இப்ப அவன் ஃபோன்ல எது கேட்டாலும் 'ம்' தான் சொல்றான். இதத் தெரிஞ்சிக்கிட்டா அவன்கிட்ட பேச ஒண்ணு இருக்கும்ல?"

கேட்கிற ஆள் கிடைத்தால் எனக்குத் தலைகால் புரியாது. ஆரம்பித்துவிட்டேன்.

"செல்லச் சுத்தி மெல்லிசா ஒரு தோல் இருக்கு தவமலர். வேணுங்கிறத உள்ள விடும், வேணாங்கிறத வெளிய தள்ளும். பூமிக்கு அந்தத் தோல்தான் காத்து மண்டலம். ஒங்க ஊர்லயே பாருங்களேன், பிளாஸ்டிக் கொட்டகை. உள்ள ஒரு ஒலகம், வெளிய ஒரு ஒலகம். அது மாதிரி வெச்சுக்கங்க."

"அந்தத் தோல மூடிட்டா?"

"எல்லாப் பக்கமும் மூடிட்டா என்ன ஆகும்? உள்ள இருக்கிறது செத்துப்போகும். தான் வுட்ட கழிவுலயே மூச்சடைச்சு."

சிரித்துக்கொண்டே சொன்னேன். நன்றாக விளக்கிவிட்டோம் என்ற பெருமைச் சிரிப்பு. தவமலர் எழுந்தாள். சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

ஜலால் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தான். "என்னாக்கா சொல்லிட்டீங்க? அவுங்க வீட்டுக்காரரு அந்தப் பிளாஸ்டிக்குள்ளதானே போனாரு!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் ஒன்றும் கெடவில்லை, டீ குடித்துக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தது. கெட்டது வேறு ஒருத்தி. அன்று முழுக்க என்னையே நான் செருப்பால் அடித்துக்கொள்ளாத குறை.

5

மறு ஞாயிறு மன்னிப்புக் கேட்கத் தோட்டத்துக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவில் அரை மணி நடை. லைன் வாசலில் தவமலர் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள்.

"மன்னிப்பு எதுக்குக்கா? நீங்க சொன்னது சரிதான்" என்றாள். கறிவேப்பிலையைக் கீழே வைக்காமலே அடுத்ததைச் சொன்னாள்: "கயித்த நான்தான் கட்டுனேன்."

பத்து மாதத்தில் அவள் அதை முதல்முதலாகச் சொன்னது, இரண்டாம் முறை பார்க்கிற ஓர் அந்நியக் கிழவியிடம். ஏன் என்னிடம் என்று எனக்குத் தெரியவில்லை. [இந்த இடத்தில் ஒரு நல்ல காரணம் எழுதியிருந்தேன். அது என் காரணம், அவளுடையதில்லை. எடுத்துவிட்டேன்.]

மழை விட்டதும் தவமலர் இஞ்சித் தண்ணியோடு இறங்கிப் போயிருக்கிறாள். முடிச்சு ஈரத்தில் இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். உள்ளே சிங்காரம் பலகையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"மொகம் செவசெவன்னு நல்லாருந்துச்சுக்கா. எப்பவும் வெளுத்துப்போயி இருக்கிற மனுஷன். அசந்து தூங்குறாருன்னு நெனச்சேன். எழுப்ப வேணாம்னு டம்ளர ஓரமா வெச்சிட்டு, கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அந்தச் சிவப்பு எனக்குத் தெரியும். கரிப்புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு ரத்தச் சிவப்பணுவில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், இடத்தை விடாது. ரத்தம் நல்ல சிவப்பாகவே இருக்கும். கண்ணாடித் தகட்டில் அந்த ரத்தத்தை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். அந்த ரத்தத்துக்கு ஒரு முகம் உண்டு, அதன் எதிரில் ஒரு பெண் டம்ளரோடு நின்றிருப்பாள் என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

"வலிச்சிருக்குமாக்கா?"

"இல்ல" என்றேன். "தூக்கம் மாதிரிதான் வரும்." முதலில் தலைவலி வரும் என்பதைச் சொல்லவில்லை. இப்போது இங்கே எழுதிவிட்டேன். படித்துக் காட்டியபோது இந்த வரியை மட்டும் தாண்டிப் போனேன்.

அவள் கத்திய கத்தலில் ஆட்கள் ஓடி வந்தபோது பிளாஸ்டிக் திறந்துதான் கிடந்தது. அதனால் யாரும் கயிற்றைப் பற்றிக் கேட்கவில்லை. மழைக் காற்றில் புகை உள்ளேயே தங்கியிருக்கும் என்று போலீஸ் எழுதிக்கொண்டு போனது. கேஸ் முடிந்தது.

"எல்லாரும் வந்து, ஒம் மேல தப்பில்ல, ஒம் மேல தப்பில்லன்னு சொன்னாங்க. எதுல தப்பில்லன்னு ஒருத்தரும் கேக்கல" என்றாள் தவமலர்.

ஷர்வின் மட்டும் ஒரு கணக்குப் போட்டான். இருபத்தைந்து டிகிரி என்று சொன்னவன் அவன். வெப்பமானி வாங்கிக் கொடுத்தவன் அவன். அதற்காகத்தானே அப்பா கூடுதல் கரி போட்டார்? காரியம் முடிந்து போனவன் திரும்பி வரவே இல்லை. பத்தாம் மாதம் ஃபோனில் தவமலர் வருஷத் திதி பற்றிச் சொன்னபோது, அவன் பேசிய பேச்சை அவள் ஓர் எழுத்து விடாமல் எனக்குச் சொன்னாள்.

"நான் வரலமா. கொள்ளி வெச்சதே தப்பு. கொன்னவன் கையால பிண்டம் வெச்சா அப்பா வாங்குவாரா? படிப்பையும் வுட்டுடப் போறேன். படிச்சு என்னா கிழிச்சேன்?"

அதைக் கேட்டும் அவளுக்கு வாய் வரவில்லை. "சாப்புடு ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபோனை வைத்திருக்கிறாள். அன்றிலிருந்து தன்னைத் தாய் என்று சொல்லிக்கொள்ளவே கூசுகிறது என்று என்னிடம் சொல்லி அழுதாள். நானும் அழுதேன். என்னைப் பெரிய மனுஷியாக நினைத்து அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

6

கட்டுரையை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பத்திரிகைக்காரர்கள் இரண்டு தடவை நினைவூட்டிவிட்டார்கள். ஒப்பிடலாமா, கூடாதா? என் குறிப்பேட்டிலிருந்து, உள்ளபடி:

ஒப்பிடலாம். செல்லுக்கு எல்லை உண்டு, பூமிக்கும் உண்டு. செல் தன் உள்சூழலைத் தானே ஒரு நிதானத்தில் வைத்துக்கொள்கிறது, பூமியும் ஏறக்குறைய அப்படித்தான். உள்ளே ஒன்று விடுவதை இன்னொன்று எடுத்துக்கொள்கிறது...

ஒப்பிடக்கூடாது. செல் பொருளை வாங்கும், பொருளைத் தள்ளும். பூமிக்கு வெயில் வருகிறது, வெப்பம் போகிறது, மற்றபடி உள்ளே இருப்பது உள்ளேதான். அந்த வகையில் அது ஏற்கெனவே கயிறு கட்டின கூடு. முந்நூறு கோடி வருஷத்துக்கு மேல் அதற்குள் உயிர் இருக்கிறது. ஒரு செல்லை அப்படிக் கட்டிவைத்தால் ஒரு நாள் தாங்குமா? அப்புறம், செல் இரண்டாகப் பிரியும். தாய்ச் செல்லிலிருந்து இரண்டு சேய்ச் செல்கள். தாய் என்று தனியாக ஒன்று மிஞ்சாது, செத்தது என்றும் சொல்ல முடியாது, அது முழுவதும் பிள்ளைகளாகிவிடும். பூமி எங்கே பிரியப்போகிறது? ஆகவே...

'ஆகவே'யில் நின்றுவிட்டது. எனக்கு வழக்கம்தான்.

இதைத் தவமலரிடம் சொல்லிப் பார்த்தேன். ஆம், அவளிடமேதான். அவளே கேட்டாள், விடவில்லை. நாங்கள் ஓடைக்கரையில் இருந்தோம். கூட்டை அன்றைக்கே பிரித்துப் போட்டுவிட்டார்கள், பலகைகள் மட்டும் கிடந்தன. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"மாதிரி இல்லக்கா. பூமிக்கு வெளிய ஆளே இல்லியே."

"அப்படின்னா?"

"செல்லுக்கு வெளிய வேற செல்லு இருக்கும்ல? ஒடம்பு இருக்கும்ல? அதுக்குக் குளிருதா, பசிக்கிதான்னு பாக்க ஒண்ணு இருக்கும். பூமிக்கு யாரு இருக்கா? ஐயோ குளிருதேன்னு பதறிக்கிட்டு வந்து கயித்தக் கட்ட பொண்டாட்டியா இருக்கா? அதான் அது இத்தன வருஷமா நல்லாருக்கு."

முப்பத்தோரு வருஷம் செல் பார்த்தவள் நான். எந்தப் புத்தகத்திலும் இந்த மறுப்பைப் படித்ததில்லை. எதிர்வாதம் செய்யலாம்தான், செய்ய மனம் வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சில்லென்று இருந்தது.

7

கட்டுரை கதையாக மாறியது அப்போதுதான். அவள்தான் கேட்டாள்.

"ஃபோன்ல மூணு தடவ சொல்லப் பாத்தேன். வாட்ஸ்அப்ல எழுதி எழுதி அழிச்சேன். நீங்க எழுதுங்க. அவன் நல்லாத் தமிழ் படிப்பான், தமிழ் ஸ்கூல்ல முதல் மார்க்கு. ஒங்க எழுத்துல பாத்துக்கட்டும்."

"பத்திரிகையில வந்தா ஊரே படிக்கும் தவமலர்."

"படிக்கட்டுமே. ஊரா என்னய அம்மான்னு கூப்புடுது?"

சரி என்றுவிட்டு வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு என் புத்தி என் புத்திதானே! கதை எழுதுகிறவளுக்குக் கிடைக்கிற அதிகாரம் எனக்கும் தலைக்கேறியது. முடிவை மாற்றிப் பார்த்தேன்.

முடிவு, அ: தவமலர் குனிகிறாள். கயிற்றைக் கையில் எடுக்கிறாள். அந்த ஒரு சாணைப் பார்க்கிறாள். கயிற்றைக் கீழே போட்டுவிட்டு உள்ளே குனிந்து நுழைந்து, "டிகிரியும் வேணாம், மொளகாயும் வேணாம், எந்திரிங்க" என்று புருஷனைக் கையைப் பிடித்து இழுக்கிறாள். இரண்டு பேரும் சரிவில் ஏறும்போது மழை பிடிக்கிறது. இஞ்சித் தண்ணி குடிக்கிறார்கள். அந்த வருஷம் குடைமிளகாய் ஒரு விதைகூட முளைக்கவில்லை.

படித்துக் காட்டினேன். தவமலர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு சொன்னாள்: "நல்லாருக்கு. ஆனா அது வேற யாரோ பொம்பள. அவ தப்பிச்சிட்டா. நான் இங்கயே நிக்கிறேன்."

முடிவு, ஆ: ஷர்வின் கதையைப் படிக்கிறான். பஸ் ஏறுகிறான். லைன் வாசலில் நிற்கிறான். "அம்மா, நீங்க குளிருதுன்னுதானே கட்டுனீங்க" என்று சொல்லி அவளைக் கட்டி...

"நிறுத்துங்க" என்றாள். அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. "எம் புள்ள வாயில நீங்க வார்த்தைய வெக்காதீங்க. அவன் என்னா சொல்லுவான்னு எனக்கே தெரியாது. ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

சுருக்கென்று இருந்தது. ஆனால் அவள் சொன்னதுதான் நியாயம்.

முடிவு, இ: ஷர்வின் படிக்கிறான். வரவில்லை. இனி எப்போதும்

[இதை நானே நிறுத்திவிட்டேன். படித்துக் காட்டவும் இல்லை. ஆனால் இதுவும் நடக்கலாம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.]

8

எனக்குத் தவமலர்மேல் ஒரு சந்தேகம் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். மகனைத் தப்ப வைக்க வேண்டும் என்று, இல்லாத கயிற்றை இவளே கட்டிக்கொண்டாளோ? தாய்மார்கள் செய்யக்கூடியவர்கள்தான். யாரும் பார்க்கவில்லை, சாட்சி இல்லை. ஒரு வாரம் இந்தச் சந்தேகம் என்னை அரித்தது. பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

அவள் கோபப்படவில்லை. கீழுதட்டை விரலால் இழுத்துக் காட்டினாள். முன்பல் ஒன்றில் முனை உடைந்திருந்தது. "முடிச்சக் கடிச்சப்ப" என்றாள்.

கரிக்குப் பங்கு உண்டா? உண்டு. இருபத்தைந்துக்கு? கொஞ்சம் உண்டு. சிங்காரத்துக்கு? அவனுக்கும் அந்த ஒரு சாண் தெரியும், அவனும் "ம்ம்" என்றான். மழைக்கும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் ஒரு செல் செத்துக் கிடந்தால் நாங்கள் ஒற்றைக் காரணம் எழுத மாட்டோம். இதையெல்லாம் சொல்லி ஒரு பத்தி எழுதி, அதுவே கதைக்குக் கடைசிப் பத்தியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். தவமலர் ஒத்துக்கொள்ளவில்லை. "பங்கு பிரிக்காதீங்கக்கா. அவன் பங்க அவன்கிட்டேருந்து எடுத்துடுங்க. அது போதும்" என்றாள்.

கடைசி வரையிலான எல்லாவற்றையும் அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டேன், தாண்டிப்போன அந்த ஒரு வரியையும் பாதியில் விட்ட மூன்றாவது முடிவையும் தவிர. பெயர்களை மாற்றட்டுமா என்று கேட்டேன். ஜலால் பெயரை வேண்டுமானால் மாற்றுங்கள், எங்கள் மூன்று பேர் பெயரும் அப்படியே இருக்கட்டும் என்றாள். (ஜலால் கேட்டுவிட்டு, என் பெயருக்கு என்ன கேடு என்று கோபித்துக்கொண்டான். மாற்றவில்லை.)

பத்திரிகை முதல் தேதி வரும். திதி பதினெட்டாம் தேதி. ஒரு பிரதியை உன் ஹாஸ்டலுக்கு நானே அனுப்புகிறேன், ஷர்வின். ஆம், இவ்வளவு நேரம் நீங்கள் நீங்கள் என்று ஊரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது உன்னைத்தான். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கட்டும், பாதகமில்லை.

கயிற்றைக் கட்டியது உன் அம்மா. நீ இல்லை. இதைச் சொல்லத்தான் இத்தனை தாள்.

சொல்லிவிட்டால் நீ என்ன செய்வாய் என்று அவளுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நீ அவளை வெறுக்கலாம். அதற்கு உனக்கு உரிமை இல்லை என்று சொல்ல நான் யார்? அவளிடம், "வேற ஏதாவது எழுதணுமா?" என்று கேட்டேன். ஃபேக்டரிக்குப் புறப்பட்டு நின்றாள், தலையில் துணி கட்டிக்கொண்டு.

"கோவம் வரும் அவனுக்கு. வரட்டும். அங்க தனியா ஒக்காந்து கோவப்பட வேணாம். வீட்டுக்கு வந்து, எம் மூஞ்சியப் பாத்துக் கோவப்படச் சொல்லுங்க" என்றாள்.

அதற்குமேல் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும்.